பசைக்காரர் வீட்டுக்கு வந்த பழுப்பு உறை

வருமான வரி அலுவலகத்தில் நோட்டீஸ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு. தபால்காரர் இருக்கும்போது இவர் எதற்கு என்று கேட்கலாம். தபால்காரரை “அவர் இல்லையே” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம், இவரை அனுப்ப முடியாது. அதற்காகத்தான் இவர். நோட்டீசை உரியவர் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார். உரியவர் இல்லையென்றால் வீட்டில் இருக்கும் வயது வந்த யாரிடமாவது கொடுப்பார். யாருமே வாங்காமல் அடம் பிடித்தால், அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சிகளைக் கூட்டிவந்து நிறுத்திக் கதவிலேயே ஒட்டிவிடுவார். அதற்காகத் தோள்பையில் எப்போதும் ஒரு பசை டப்பா வைத்திருந்தார். முப்பத்தொரு வருடத்தில் அந்த டப்பாவே அவருக்குப் பேராகி, அலுவலகத்திலும் தெருவிலும் அவர் பசைக்காரர் ஆனார். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது.

அந்த வேலைக்கென்று சில பழக்கங்கள் வைத்திருந்தார். மணியை ஒரு தடவைதான் அடிப்பார். கதவுக்கு நேரே நிற்காமல் ஓர் அடி தள்ளி ஒதுங்கி நிற்பார். நேரே நின்றால் திறக்கிறவருக்கு மூச்சு முட்டும் என்பது அவர் கட்சி. எவ்வளவு வருந்தி அழைத்தாலும் வாசலைத் தாண்டிக் கால் வைக்க மாட்டார்.

மனிதர்கள் அவரைப் பார்த்து என்னவெல்லாம் செய்தார்கள் என்று எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகும். ஒரு ரொட்டிக் கடை முதலாளி மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தும்மல் வந்து மாட்டிக்கொண்டார். ஒரு பல் மருத்துவர் முகமூடியை மூக்குவரை ஏற்றிக்கொண்டு, “டாக்டர் வெளிய போயிருக்கார்” என்றார். பசைக்காரர் சிரிக்கவில்லை. “அவர் வந்ததும் கொடுத்துடுங்க. இப்ப நீங்க கையெழுத்துப் போடுங்க” என்று நீட்டினார். மருத்துவர் பதற்றத்தில் தன் சொந்தக் கையெழுத்தையே போட்டுத் தொலைத்தார்.

கையெழுத்துப் போடும்போது எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். “உள்ள என்ன இருக்கு?”

“எனக்குத் தெரியாதுங்க. நான் கொண்டுவந்து கொடுக்கறவன்” என்பார். இது தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்வது அல்ல, அவருக்கு உண்மையிலேயே தெரியாது. ஒட்டிய உறையை அவர் திறந்ததில்லை. வரி என்பது என்ன, யாருக்கு, எவ்வளவு என்றெல்லாம் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. அவர் சம்பளத்தில் பிடிக்க வேண்டியதை அலுவலகமே பிடித்துக்கொண்டது. “இவ்வளவு வரி வாங்கி என்னதான்யா பண்றீங்க?” என்று யாராவது எகிறினால், “நான் நடந்து வந்த ரோடு போட்டிருக்காங்களே” என்று தயாராக ஒரு பதில் வைத்திருந்தார். “அந்த ரோட்டுப் பள்ளத்துலதான் என் வண்டி அச்சு முறிஞ்சுது” என்று ஒருவர் சொன்ன நாளிலிருந்து அந்தப் பதிலையும் நிறுத்திக்கொண்டார். தன் கைக்கு வருவது எதுவும் தன்னுடையது இல்லை, வந்தது கைமாறிப் போனால் தன் வேலை முடிந்தது என்று அவர் மனதில் ஊறிப்போயிருந்தது. பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது இந்த எண்ணம்தான்.

அவரும் மனைவியும் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்தார்கள். மனைவி மருத்துவமனைக்குத் தலையணை உறையும் படுக்கை விரிப்பும் தைத்துக் கொடுப்பவள். அவள் கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். பசைக்காரர் ஓய்வு பெற இன்னும் நான்கு மாதம். அதற்குள் காலி செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. மனைவி நாடாவும் கையுமாகப் போய் அதை மூலை மூலையாக அளந்துவிட்டு வந்தாள். ஜன்னலுக்குக் கீழே நாலரை அடி, அங்கே தையல் இயந்திரம். அந்தக் கணக்கை ஒரு தாளில் வரைந்து இயந்திரத்தின் இழுப்பறைக்குள் வைத்திருந்தாள். இருவர் பேரிலும் இருக்கும் வங்கிக் கணக்கில் முன்பணத்துக்குப் போதுமான தொகை இருந்தது. மீதிக்கு அவள் நம்பியிருந்தது, பசைக்காரரின் அப்பா விட்டுப்போன வீட்டில் அவருக்கு வரவேண்டிய பங்கை.

“உங்க அண்ணன் என்னதான் சொல்றாரு?” என்று வாரம் ஒரு தடவை கேட்பாள்.

“இழுத்தடிக்கறான். பாக்கலாம்” என்பார் இவர்.

அண்ணன் எதையும் இழுத்தடிக்கவில்லை. அப்பா வீடு விற்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பசைக்காரரின் தங்கையுடைய கணவன் வியாபாரத்தில் நொடித்துப்போய், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டான். தங்கையும் இரண்டு பெண்களும் இருந்த வீட்டை வங்கிக்காரன் ஏலம் போட நாள் குறித்துவிட்டான். அந்த நேரம் பார்த்துத்தான் இவருக்குப் பங்குப் பணம் வந்தது. காலையில் இவர் கணக்கில் விழுந்த பணம் மத்தியானம் தங்கை கணக்குக்குப் போய்விட்டது. நல்ல காரியம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் மனைவிக்கும் தங்கைக்கும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒரு கல்யாண வீட்டில் தங்கை ஏதோ வார்த்தையை விட்டுவிட்டாள், இவள் அதை மறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று பசைக்காரர் முதல் நாள் மென்று முழுங்கினார். நாளை வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது, இரண்டு வருடம் ஓடியது. ஊரில் எல்லார் கதவையும் தட்டத் தெரிந்த மனிதருக்குத் தன் வீட்டுக்குள் ஒரு வாக்கியம் சொல்லத் துப்பில்லை.

தபால் பதிவேடு பார்க்கும் அம்மாள் ஒரு மாத விடுப்பில் இருந்தபோதுதான் அந்த உறை வந்தது. அவள் இடத்தில் உட்கார்ந்த தற்காலிக ஆள், கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அன்றைய உறைகளை இவர் பையில் போட்டான். பசைக்காரர் மரத்தடியில் நின்று தெரு வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவதாக வந்த பழுப்பு உறையில் தன் வீட்டு முகவரி இருந்தது. அதற்கு மேலே, சம்பளப் பட்டியலுக்கு வெளியே பல வருடமாக அவர் பார்த்திராத தன் பேர்.

வெள்ளை உறை என்றால் ஏதோ தகவல், பழுப்பு உறை என்றால் கேள்வி. அந்த அளவுக்கு அவருக்கும் தெரியும். தன்னிடம் கேட்பதற்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது என்பதும் தெரியும்.

அன்று மாலை அவர் செய்தது, அந்த வேலையில் ஊறியவர் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. மற்றவர்களானால் உறையைக் கிழித்துப் போட்டிருப்பார்கள், அல்லது ஒளித்து வைத்திருப்பார்கள். இவர் உறையைத் திருப்பி, அதன் முதுகில் வழக்கம்போல் தேதி போட்டு, “வீடு பூட்டியிருந்தது” என்று எழுதிக் கையெழுத்திட்டு அலுவலகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படித் திரும்பி வந்த உறைகளில் சில, இரும்பு அலமாரிக்குள் போய் வருடக்கணக்கில் தூங்குவதை அவர் பார்த்திருக்கிறார். இன்னும் நான்கு மாதம் தூங்கினால் போதும் என்று கணக்குப் போட்டார்.

முப்பத்தொரு வருடத்தில் அவர் எழுதிய முதல் பொய் அது. வீட்டில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போட்டது. பால்காரர் வந்தாலும், கீழ்வீட்டுப் பெண் ஊசி கேட்டு வந்தாலும் இவர்தான் ஓடிப்போய்த் திறந்தார். “உங்களுக்கு என்ன ஆச்சு? கல்யாண வயசுப் பொண்ணு வீட்டுல இருக்கற மாதிரி வாசலையே பாத்துக்கிட்டிருக்கீங்க” என்று மனைவி கிண்டல் செய்தாள். மணி அடித்தால் மற்றவர்கள் ஏன் மாவு மூட்டைக்குப் பின்னால் போகிறார்கள் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த ரொட்டிக் கடைக்காரரை நினைத்து முதல் தடவையாக வருத்தப்பட்டார்.

மூன்று வாரம் கழித்து அதே உறை மறுபடி வந்தது. இந்தத் தடவை “ஆள் ஊரில் இல்லை” என்று எழுதினார். எழுதும்போது பேனா மசி கைவிரலில் ஒட்டிக்கொண்டது, சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மனைவி அந்தச் சின்ன வீட்டை விற்பவரிடம் பேசி, மாதக் கடைசிக்குள் முன்பணம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். “உங்க அண்ணனுக்கு மனசாட்சியே கிடையாதா? கூடப் பொறந்தவன் தெருவுல நிக்கப் போறான்னு தெரிஞ்சும் இப்படி அழுத்தமா இருக்காரே” என்று அன்று பொரிந்து தள்ளினாள். பசைக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தடவை உறை வந்தபோது, பதிவேட்டு அம்மாள் விடுப்பு முடிந்து திரும்பியிருந்தாள். இருபது வருடமாக இவரோடு வேலை பார்க்கிறவள். அன்று மத்தியானம் இவரைக் கையால் சைகை காட்டி அலமாரிக்குப் பின்னால் அழைத்தாள்.

“ரெண்டு தடவை திரும்பி வந்திருக்கு. ஒண்ணுல வீடு பூட்டியிருக்கு, இன்னொண்ணுல ஆள் ஊர்ல இல்ல. ரெண்டு நாளும் நீங்க ஆபீசுக்கு வந்து வருகைப் பதிவேட்டுல கையெழுத்துப் போட்டிருக்கீங்க” என்றாள்.

பசைக்காரர் தோள்பையின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

“இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சேரலைன்னா நாளைக்குக் காலையில கதவுல ஒட்டணும். உங்க கதவுல உங்களையே ஒட்டச் சொல்ல முடியாது. வேற ஆள் வருவான், சாட்சிக்குக் கீழ்வீட்டுக்காரங்களைக் கூப்பிடுவான். தேவையா இது? நேரா போய் அதிகாரிகிட்ட சொல்லிடுங்க.”

அதிகாரி அவருக்கு மகள் வயதுப் பெண். உறையின் முதுகைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், உட்காரச் சொன்னார். பசைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே தங்கை கதையைச் சொன்னார்.

“அந்தப் பணம் என்கிட்ட ஒரு நாள்கூட நிக்கல மேடம். காலையில வந்தது, மத்தியானம் போயிடுச்சு. பேங்க் சீட்டு இருக்கு. அது என் பணமே இல்ல.”

“வந்தது உங்க பேருக்கு. கொடுத்தது உங்க இஷ்டம். ரெண்டும் வேற வேற.”

“அப்ப தங்கச்சிதானே கட்டணும்?”

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க கடையில சோப்பு வாங்கறீங்க. அதுல வரி இருக்கு. கடைக்காரர் அதை உங்க தலையில வெச்சு, உங்ககிட்டயே வாங்கிக் கட்டிடறார். இது அப்படி இல்ல. யாருக்கு வந்துதோ அவங்க தலையிலயே நேரா வந்து உக்காரும். தூக்கி அடுத்தவங்க தலையில வெக்க முடியாது. நேரடி வரின்னா அவ்வளவுதான் அர்த்தம். முப்பது வருஷமா இதைத்தானே வீடு வீடா கொண்டுபோய்க் கொடுக்கறீங்க.”

பசைக்காரர் மேசை மேலிருந்த உறையைப் பார்த்தார்.

“தங்கச்சிக்குக் கொடுத்தது நல்ல காரியம்தான். ஆனா அதை எழுதறதுக்கு இந்தப் படிவத்துல கட்டம் இல்ல” என்றார் அதிகாரி, கொஞ்சம் இறங்கிய குரலில். “அந்தப் பொண்ணுங்க எந்த ஸ்கூல்?”

“கவர்மென்ட் ஸ்கூல்தான் மேடம்.”

“அதுக்கும் இதுலேருந்துதான் போகுது. இந்த மாசத்துக்குள்ள வட்டியோட கட்டிடுங்க. ரெண்டு தடவை பொய்யா எழுதினதுக்குத் தனியா விளக்கம் எழுதிக் கொடுங்க. அதை நான் மறைக்க மாட்டேன், பெரிசாக்கவும் மாட்டேன். இப்ப இங்கயே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம், தப்பில்ல.”

ஒப்புகைச் சீட்டை அவர் பக்கம் தள்ளினார். அதில் நாலு கட்டம்: பேர், உறவு, நேரம், கையெழுத்து. இவ்வளவு நாள் மற்றவர்களிடம் நீட்டிய சீட்டு. பசைக்காரர் பேனாவை எடுத்தார்.

கட்ட வேண்டிய தொகையை அதிகாரி சொல்லியிருந்தார். இருவர் பேரில் இருக்கும் அந்தக் கணக்கில் இருந்துதான் அதை எடுக்க முடியும். எடுத்தால் முன்பணம் இல்லை, ஜன்னலுக்குக் கீழே நாலரை அடி இல்லை. அவர் தலையில் உட்கார்ந்த பாரம் அவள் வீட்டையும் சேர்த்து அமுக்கப் போகிறது. இன்னொன்றும் அவருக்குத் தெரியும். அலுவலகத்துக்கே வந்து சிரித்துக்கொண்டு உறையை வாங்கிப் போகிறவர்கள், அதை வீட்டில் துணிகளுக்கு அடியில் சொருகிவிடுவார்கள், திரும்ப வரவே மாட்டார்கள். மனைவி முன்னால் வாங்கியவர்கள்தான் மறுநாள் காலையில் வந்து நிற்பார்கள். முப்பத்தொரு வருடம் பார்த்தது. தான் முதல் வகை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பேனாவை வைத்தார். “வேண்டாம் மேடம். வீட்டுலயே கொடுத்துடறேன்.”

வீடு இருபது நிமிட நடை. அன்று அவருக்கு அது பத்து நிமிடமாகத்தான் தெரிந்தது, கொஞ்சம் நீளக்கூடாதா என்று ஏங்கினார். எதிரே வந்த ரொட்டிக் கடை முதலாளி பையைப் பார்த்துவிட்டுப் பழக்க தோஷத்தில் சந்துக்குள் திரும்பினார். மாடிப்படியில் இரண்டு தடவை நின்றார். மேலே தையல் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது. சட்டைப் பையில் சாவி இருந்தது. அவர் மணியை அடித்தார், ஒரு தடவை. ஓர் அடி தள்ளி ஒதுங்கி நின்றார்.

இயந்திரம் நின்றது. மனைவி கதவைத் திறந்தாள், கழுத்தில் நாடாவோடு. “சாவி எங்க போச்சு?”

அவர் உறையின் மேலிருந்த பேரை வாசித்தார். “இவர் பேருக்கு ஒரு நோட்டீஸ் வந்திருக்குங்க. வீட்டுல பெரியவங்க கையெழுத்துப் போட்டு வாங்கிக்கணும்.”

அவள் சிரித்தாள். “ரிட்டயர் ஆக இன்னும் மூணு மாசம் இருக்கும்போதே இந்த விளையாட்டை ஆரம்பிச்சாச்சா? உள்ள வாங்க, டீ வெக்கறேன்.”

அவர் வரவில்லை. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு வடிந்தது. ஈரம் எதுவும் இல்லாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினாள். பேரைப் படித்தாள். பிறகு எல்லோரும் கேட்பதைக் கேட்டாள்.

“உள்ள என்ன இருக்கு?”

அந்தப் பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அதைச் சொல்லாமல் விழுங்கினார்.

“அப்பா வீடு வித்தாச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. என் பங்கைத் தங்கச்சிகிட்ட கொடுத்துட்டேன். அவ வீடு ஏலத்துக்கு வந்துது. உன்கிட்ட சொல்லல. அதுக்கு வரி கட்டணும், வட்டியோட. நம்ம முன்பணத்துலேருந்துதான் கட்ட முடியும்.”

இவ்வளவுதான். இரண்டு வருடம் தொண்டையில் கிடந்த விஷயம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அவள் கத்துவாள் என்று நினைத்தார். அழுவாள் என்று நினைத்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாடாவின் ஒரு முனையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள்.

“ரெண்டு வருஷமா உங்க அண்ணனை நான் என்னவெல்லாம் திட்டியிருக்கேன்” என்றாள். “சோத்துல கையை வெச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே இருந்தீங்களே.”

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த அடி எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் அவருக்குக் கண் கலங்கியது.

“அவ இப்ப அந்த வீட்டுலதான் இருக்காளா?”

“இருக்கா.”

“பொண்ணுங்க ரெண்டும்?”

“இருக்காங்க.”

அவள் உள்ளே போனாள். இழுப்பறை திறக்கும் சத்தம் கேட்டது. அந்த வீட்டுத் தாளைக் கிழிக்கப் போகிறாள் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கிழிக்கும் சத்தம் வரவில்லை. அவள் பேனாவோடு திரும்பி வந்தாள். அவர் நீட்டிய ஒப்புகைச் சீட்டைச் சுவரில் வைத்து நிரப்பினாள்.

“மணி போடணுமா?”

“போடணும்.”

அவள் உள்ளே எட்டிக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினாள். சீட்டை அவர் கையில் கொடுத்தாள்.

“ஆபீசுல கொடுத்துட்டு வாங்க, அஞ்சு மணி ஆகப் போகுது. என் வீட்டுக்காரர் வரட்டும், அவர்கிட்ட நான் பேசிக்கறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்கவில்லை என்பதை அவர் கவனித்தார். படியிறங்கும்போது, பழக்கத்தில், எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று சீட்டைத் தூக்கிப் பார்த்தார். பேர் இருந்தது, நேரம் இருந்தது, கையெழுத்து இருந்தது. உறவு என்ற கட்டத்தில் “மனைவி” என்று எழுதியிருந்தாள். பேனாவை அழுத்திய அழுத்தலில் அந்த இடத்தில் மட்டும் தாள் கிழிந்திருந்தது.